கொடுங்கோலனின் கடைசி நாட்கள்: அறைக்குள் யார், வெளியே யார்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, நண்பர்கள் சேர்ந்து 'டவுன்ஃபால்' படம் பார்த்தோம். கடைசியில் ஹிட்லர் மேல பாவமா இருந்துச்சு. அப்படித் தோணுனது தப்பா? கொடுங்கோலனை மனுஷனா காட்டலாமா? வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷ் துரையோட கடைசி நாட்களை வச்சு நாங்க ஒரு குறும்படம் எடுக்க நினைக்கோம். இதுல இருந்து எதை எடுத்துக்கலாம், எதை விடணும்?"

தம்பி, பாவமாக இருந்தது தப்பில்லை. 56 வயதில் எழுபதைத் தாண்டிய கிழவனைப் போலக் கூன் விழுந்து, இடது கை நடுங்கி, அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நடக்கிற ஒருவனை இரண்டரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். உங்களுக்கு இளகியது என்றால் நடிகர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அந்த இரண்டரை மணி நேரத்தில் வேறு யாருக்காக உங்கள் மனம் இளகப் படம் வழிவிட்டது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

இந்த வகைக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மீதி தானாக விளங்கும். ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று பெர்லினில், நிலத்தடிப் பதுங்கு அறையில் தற்கொலை செய்துகொண்டான். ஆனால் அவன் தப்பி ஓடிவிட்டான் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. ஸ்டாலினே அப்படித்தான் பேசினார். அதற்கு முடிவு கட்ட, ஹியூ ட்ரெவர்-ரோப்பர் என்ற இளம் வரலாற்றாசிரியரைப் பிரிட்டிஷ் உளவுத்துறை அந்த செப்டம்பரில் விசாரணைக்கு அனுப்பியது. அங்கிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களைத் தேடிப்பிடித்து அவர் விசாரித்தார். யார் எந்த அறையில் இருந்தார்கள், சத்தம் எத்தனை மணிக்குக் கேட்டது, கதவைத் திறந்தது யார், பெட்ரோல் கொண்டுவந்தது யார் என்று எல்லாவற்றையும் கோத்து 1947இல் புத்தகமாக வெளியிட்டார். ஆக, இந்தக் கதை வடிவமே ஒரு பிரேத விசாரணையில் பிறந்தது. பிரேத விசாரணைக்கு அந்த அறையும் அந்த உடலும் போதும். ஊரில் வேறு யார் எப்படிச் செத்தார்கள் என்பது அதன் வேலை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாட்சி சொல்ல மிஞ்சியவர்கள் எல்லாரும் அவனுடைய ஆட்கள்: செயலாளர், அந்தரங்கப் பணியாள், மெய்க்காவலர், டெலிபோன் ஆபரேட்டர். அவர்கள் நினைவில் அவன் சாப்பாட்டு மேஜையில் பேசியவன், நாயைக் கொஞ்சியவன், பெண்களிடம் மரியாதையாக நடந்தவன். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது அவ்வளவுதான்.

2004இல் வந்த இந்தப் படத்துக்கும் அதுதான் அடிப்படை. ஆலிவர் ஹிர்ஷ்பீகல் இயக்க, பெர்ன்ட் ஐஷிங்கர் எழுதித் தயாரித்தார். யோவாகிம் ஃபெஸ்ட் என்ற வரலாற்றாசிரியரின் புத்தகத்தையும், ஹிட்லரின் செயலாளர் ட்ரவுடல் யுங்கவின் நினைவுக் குறிப்புகளையும் வைத்துத் திரைக்கதை எழுதப்பட்டது. அந்தக் கதையை அதற்கு முன்பும் எடுத்திருக்கிறார்கள். 1955இல் இயக்குநர் பாப்ஸ்ட் எடுத்தார். 1973இல் அலெக் கின்னஸும் 1981இல் தொலைக்காட்சிப் படமொன்றில் ஆன்டனி ஹாப்கின்ஸும் ஹிட்லராக நடித்தார்கள். இதில் ஹிட்லராக வந்த புரூனோ கான்ஸ் சுவிட்சர்லாந்துக்காரர். அவர் தயாரித்துக்கொண்ட விதத்தை நடிக்க ஆசைப்படும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிட்லரின் மேடைப் பேச்சு நமக்கெல்லாம் தெரியும், சாதாரணக் குரல் தெரியாது. 1942 ஜூன் 4 அன்று பின்லாந்தில் தளபதி மானர்ஹெய்மின் 75ஆவது பிறந்தநாளுக்கு அவன் போனபோது, பின்லாந்து வானொலிக்காரர் ஒருவர் அவனுக்குத் தெரியாமல் பதிவு செய்த 11 நிமிடப் பேச்சு ஒன்று இருக்கிறது. கத்தல் இல்லை, அடித்தொண்டையில் இருந்து வரும் தாழ்ந்த குரல். கான்ஸ் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். பார்க்கின்சன் நோயாளிகளை மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்து, அவர்களின் நடுக்கத்தைக் கவனித்தார்.

அந்தப் பயிற்சி முழுவதும் வரைபட மேஜைக் காட்சியில் தெரியும். உங்களில் பலர் படத்துக்கு முன்னாலேயே அதை வசனம் மாற்றிய மீமாகப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். மீமை மறந்துவிட்டு ஒருதரம் பாருங்கள். 1945 ஏப்ரல் 22. தளபதி ஸ்டெய்னரின் படை தாக்கும், பெர்லின் பிழைக்கும் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். ஸ்டெய்னரிடம் அதற்கு ஆள்பலம் இல்லை, தாக்குதல் நடக்கவே இல்லை என்று சொல்கிறார்கள். அவன் உடனே கத்தவில்லை. நடுங்கும் கையால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறான். நான்கு பேரைப் பெயர் சொல்லி இருக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களை வெளியே போகச் சொல்கிறான். கதவு சாத்திய பிறகுதான் வெடிக்கிறான். அப்போது கேமரா அறைக்குள்ளேயே இருக்கவில்லை, நடைவழிக்கு வந்துவிடுகிறது. வெளியேற்றப்பட்டவர்கள் வாய் திறக்காமல் நிற்கிறார்கள், ஒரு பெண் அழுகிறாள், இன்னொருத்தி அவளைத் தேற்றுகிறாள். உள்ளே சத்தம் அடங்கி, போர் தோற்றுவிட்டது என்று தணிந்த குரலில் சொல்லும்போது கேமரா மறுபடி உள்ளே இருக்கிறது. அதிகாரம் கையை விட்டுப் போவதை இதைவிட நன்றாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

இப்போது அதே ஏப்ரல் 22ஐ அறைக்கு வெளியே பாருங்கள். பெர்லினுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் சாக்சன்ஹவுசன் வதைமுகாம். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் மணியாச்சிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். முந்தின நாள், ஏப்ரல் 21 அன்று, அங்கிருந்த 30,000க்கும் மேற்பட்ட கைதிகளை ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் கால்நடையாக ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நடக்க முடியாமல் விழுந்தவர்களை வழியிலேயே சுட்டார்கள். 22 அன்று சோவியத், போலந்துப் படைகள் உள்ளே நுழைந்தபோது, நகர முடியாத சுமார் 3,000 பேர்தான் முகாமில் மிச்சம் இருந்தார்கள். ஏப்ரல் 29: ஹிட்லர் தன் காதலி ஏவா பிரவுனை மணந்து உயில் எழுதிய அதே நாளில், அமெரிக்கப் படை டாகாவ் முகாமுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 30: அவன் செத்த நாளில், பெண்களை அடைத்து வைத்திருந்த ராவன்ஸ்புரூக் முகாமைச் சோவியத் படை பிடித்தது. தேதிகள் இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கின்றன. படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை முடிவில் எழுத்தாகப் போடுகிறார்கள். திரை இருண்ட பிறகு வரும் எழுத்து, கான்ஸின் முகத்துக்கு எதிரே எடை போட முடியுமா?

என் தீர்ப்பு இதுதான். ஹிட்லரை மனிதனாகக் காட்டியதில் குறையே இல்லை. கேமராவை அந்த அறையோடு கட்டிப்போட்டதில்தான் குறை.

மனிதனாகக் காட்டியது ஏன் சரி என்றும் சொல்லிவிடுகிறேன். படத்தின் தொடக்கத்தில், 1942இல், வேலைக்கு வந்த இளம் யுங்க தட்டச்சில் தடுமாறுகிறாள். அவன் கோபப்படாமல், இன்னொருதரம் முயன்று பார்ப்போம் என்கிறான். அந்தக் கனிவு நிஜம். அதை மறைத்தால் அவளைப் போன்ற கோடிப் பேர் ஏன் அவன் பின்னால் போனார்கள் என்பது புரியாமலே போய்விடும். கொம்பு முளைத்த அரக்கனாகக் காட்டினால், இந்தக் காலத்தில் கொம்பில்லாமல் வருபவனை நாம் அடையாளம் காண மாட்டோம். கனிவாகப் பேசிய அதே ஆள் தன் உயிலைச் சொல்லச் சொல்ல, அவள்தான் சுருக்கெழுத்தில் எடுத்தாள். இதெல்லாம் ஏன் நடந்தது என்று இப்போதாவது சொல்வான் என எதிர்பார்த்து உட்கார்ந்ததாகவும், வந்தது பழைய வசனமே என்றும் யுங்க பின்னாளில் சொல்லியிருக்கிறார். சாவுக்கு முந்தின நாளிலும் யூதர்கள் மேல் பழி, இனச் சட்டங்களைக் கைவிடாதீர்கள் என்ற கட்டளை. கனிவும் அதுவும் ஒரே வாயிலிருந்து வந்தவை.

படத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் வேறு. ஹிட்லரைச் சுற்றி நிற்பவர்களில் சிலரைப் படம் கழுவித் துடைத்து நல்லவர்களாக நிறுத்துகிறது. டாக்டர் ஷெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இடிபாடுகளுக்கு நடுவே நோயாளிகளுக்காக ஓடும், மனசாட்சி உள்ள மருத்துவராக வருகிறார். நிஜ ஷெங்க் எஸ்.எஸ். அதிகாரி, மவுதவுசன் முகாமில் கைதிகளை வைத்து நடந்த உணவுப் பரிசோதனையில் சம்பந்தப்பட்டவர். பொதுமக்களை வெளியேற்றுங்கள் என்று மன்றாடும் தளபதி மோங்க, 1940இல் பிரான்சில் பிரிட்டிஷ் போர்க்கைதிகளைக் கொன்ற சம்பவத்தில் சந்தேகத்துக்கு ஆளானவர். ஒரு வழக்கையும் சந்திக்காமல் 2001 வரை வாழ்ந்தார். பார்வையாளனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு நல்ல ஆள் வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்திருப்பார்கள். வரலாற்றுப் படத்தில் அந்த வசதியை எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்வையாளன் பிடிமானம் இல்லாமல் தவிக்கட்டும், அதுதான் அந்த அறையின் நிஜம்.

ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் மனைவி மக்டா வரும் காட்சியில் படம் எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை. ஹிட்லர் இல்லாத உலகில் தன் பிள்ளைகள் வாழக்கூடாது என்று முடிவெடுத்த தாய் அவள். ஆறு பிள்ளைகள், மூத்தவளுக்கு 12 வயது. மருந்தைக் குடிக்க மாட்டேன் என்று மூத்தவள் மறுக்கிறாள், பிடித்துப் புகட்டுகிறார்கள். எல்லாம் தூங்கிய பிறகு தாய் கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொரு வாயிலும் சயனைடுக் குப்பியை வைத்துத் தாடையை அழுத்துகிறாள். பின்னணி இசையை ஏற்றி நம்மை அழவைக்கவும் இல்லை. அது முடிந்து அவள் சீட்டு அடுக்க உட்காருகிறாள். கொள்கை வெறி ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் அந்நாட்டுப் பத்திரிகையில் இந்தப் படத்தைக் கடுமையாகச் சாடினார். இத்தனை பேர் சாவதைக் காட்டுகிறவர்கள் ஹிட்லர் சாகும்போது மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்பது அவர் கேள்விகளில் ஒன்று. அதில் நான் படத்தின் பக்கம்தான். அந்த அறைக்குள் நடந்ததைப் பார்த்துப் பிழைத்தவர் யாரும் இல்லை. சாட்சிகள் கண்டது கதவு திறந்த பிறகான காட்சியைத்தான். ஆனால் இந்தக் கதையை யார் கண்ணால் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்குப் படத்திடம் சரியான பதில் இல்லை. ஓரளவு பதில் சொல்வது யுங்கவேதான். 2002இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றுக்காக, இறப்பதற்குச் சற்று முன் அவர் பேசியதை இந்தப் படத்தின் முதலிலும் கடைசியிலும் சேர்த்திருக்கிறார்கள். ஹிட்லரை எதிர்த்துத் துண்டறிக்கை போட்டதற்காக 1943இல் தலை வெட்டப்பட்ட சோஃபி ஷோல், ஏறத்தாழ அவர் வயதுக்காரி. அந்தப் பெண்ணின் நினைவுப் பலகையைக் கடந்து போன நாளில்தான், சின்ன வயது என்பது ஒரு சாக்கே இல்லை, தேடியிருந்தால் தெரிந்திருக்கும் என்று உணர்ந்ததாகச் சொல்கிறார். அந்த ஓரிரு நிமிடங்களை வெட்டிவிட்டால் படம் மிகவும் சிறுத்துவிடும்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். ஜெர்மனியில் அந்தப் படத்தைப் பார்த்தவன் பள்ளிக்கூடத்தில் வதைமுகாம்களைப் படித்தவன், அநேகமாக ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்தவன். படம் சொல்லாமல் விட்டதை அவனே நிரப்பிக்கொள்வான். நம்மூரில் நிலைமை அப்படியா? "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் இந்த நாடு திருந்தும்வே" என்று டீக்கடையில் சொல்லக் கேட்காதவர் யார்? கறாரான அப்பாவை, கண்டிப்பான வாத்தியாரை 'ஹிட்லர்' என்று செல்லமாகவே சொல்கிறோம். அவன் சுயசரிதையைத் தமிழில் வாங்கித் தன்னம்பிக்கை நூல்கள் பக்கத்தில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பிரிட்டிஷ்காரனுக்கு எதிரி என்பதால், நேதாஜி அவனைச் சந்தித்தார் என்பதால், பாதி மரியாதை வேறு. அப்படி ஒரு பார்வையாளன் முன்னால் கடைசிப் பத்து நாளை மட்டும் போட்டால், தோற்றாலும் சரணடையாத வீரன் என்றுதான் எழுந்து போவான். உங்கள் நண்பர்களில் ஒருவராவது அப்படிச் சொல்லியிருப்பார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள், அவருக்குத் தெரியவேண்டியதைப் படமும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

முடிவை மட்டும் நடித்துக்காட்டுவது நமக்குப் புதிதில்லை. திருச்செந்தூர் கடற்கரையில் ஒவ்வொரு ஐப்பசியிலும் சூரனின் கடைசி மணி நேரத்தைத்தானே லட்சக்கணக்கில் கூடிப் பார்க்கிறோம்? யானைமுகம், சிங்கமுகம், சொந்த முகம் என்று ஒவ்வொன்றாகத் தலை மாறி விழும்போது முன்கதை சொல்ல வேண்டியதில்லை. தேவர்களைச் சிறைவைத்த கதை கூட்டத்தில் நிற்கும் குழந்தைக்கும் தெரியும். முன்கதை தெரியாத கூட்டத்துக்கு எப்படிச் சொல்வது என்பதை வில்லுப்பாட்டில் பார்க்கலாம். கோயில் கொடை நாளில் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுபவர் சாவிலிருந்து தொடங்குவதில்லை. பிறப்பு, வளர்ப்பு, செய்த காரியம், அதன் பின்தான் சாவு. பக்கத்தில் இருப்பவர் சும்மா 'ஆமா' போடுவதோடு நிற்காமல், கேட்பவர்கள் மனதில் எழும் கேள்வியை இடையில் புகுந்து கேட்பார். உங்கள் குறும்படத்திலும் அப்படிக் கேள்வி கேட்கும் ஒரு ஆள் இருக்கட்டும்.

இரக்கத்தையும் நியாயத்தையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தக் கம்பரைப் பாருங்கள். முதல்நாள் போரில் எல்லாவற்றையும் களத்தில் போட்டுவிட்டு ராவணன் 'வெறுங்கையோடு இலங்கை புக்கான்' என்பார். படிக்கும்போது நமக்கே நெஞ்சு அடைக்கும். அதைத் தொடர்ந்து அவன் எதற்காகக் கூனிக்குறுகுகிறான் என்று பாருங்கள்: வானமும் மண்ணும் பகைவரும் சிரிப்பதற்குக்கூட இல்லை, சானகி சிரிப்பாளே என்று. சிறைவைக்கப்பட்டவள் அந்த இடத்தில் நேராக வரவே இல்லை, ஆனால் அவன் மனதில் உட்கார்ந்திருக்கிறாள். தோற்றவனின் துயரத்தைச் சொல்லும்போதே அவன் யாருக்குத் தீங்கு செய்தான் என்பதையும் நம்மை மறக்கவிடாத வித்தை அது. பெர்லின் அறையில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இனி ஆஷ். முதலில், ஆஷை ஹிட்லர் பக்கத்தில் வைக்காதீர்கள். அவர் ஒரு பேரரசின் கலெக்டர், சர்வாதிகாரி இல்லை. 1908இல் தூத்துக்குடியில் இருந்தபோது வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் ஒடுக்கும் பக்கம் நின்றவர், அதனால் வெறுக்கப்பட்டவர்.

இரண்டாவது வித்தியாசம் திரைக்கதைக்கு முக்கியம். சாவு வருகிறது என்று ஹிட்லருக்குத் தெரியும். 1911 ஜூன் 17 காலை மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்த ஆஷுக்குத் தெரியாது. எதிரே மனைவி மேரி. கொடைக்கானலில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற வழி. ஆகவே இங்கே 'வீழ்ச்சி' என்ற வளைவே கிடையாது. கடைசி வாரம் என்பது கலெக்டர் ஆபீஸ், கோப்பு, கையெழுத்து, பங்களா, சாப்பாடு மட்டும்தான். அதிகாரம் இப்படிச் சாதாரணமாக நடந்துகொண்டிருப்பதையே காட்டுங்கள். ஒரு கையெழுத்து யார் வீட்டு அடுப்பை அணைத்தது என்று உடனே வெட்டிக் காட்டினால் போதும், அவர் முகத்தில் கொடூரம் பூச வேண்டியதில்லை. மேரி இருக்கும் காட்சியையும் பயந்து வெட்டிவிடாதீர்கள். கணவன் கண்ணெதிரே சுடப்பட்ட பெண்ணின் அதிர்ச்சி நிஜம். அதே காலையில் வ.உ.சி. கண்ணூர் சிறையில் இருந்தார், அதுவும் நிஜம். இரண்டும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஷெங்க் விஷயத்தில் நடந்த தப்பு உங்களுக்கும் நடக்கலாம், வேறு திசையில். சுட்டுவிட்டு பிளாட்பாரக் கழிவறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்ட செங்கோட்டை வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அதில் நாட்டுப்பற்று இருக்கிறது, சனாதன தர்மத்தைக் காப்பது பற்றிய பேச்சும் இருக்கிறது, மன்னர் ஐந்தாம் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்னும் 'மிலேச்சன்' என்று இழிவாகச் சொல்லும் வரியும் இருக்கிறது. பிடித்த வரியை மட்டும் படிக்கவைத்து மற்றதை வெட்டினால், அதுவும் கழுவித் துடைப்பதுதான். முழுக் கடிதத்தையும் ஒரு குரல் படிக்கட்டும். அதேபோல, ஆஷை நல்லவராக்க இப்போது சுற்றிவரும் கதைகளையும் ஆவணம் பார்க்காமல் சேர்க்க வேண்டாம்.

ஒரு நடைமுறை யோசனை. ஆஷாக நடிப்பவரைத் தேடுவதற்கு முன்னால், அவருக்கு விசிறி இழுத்தவர், கோப்பு சுமந்த சேவகர், ஸ்டேஷன் போர்ட்டர் ஆகியோருக்கு ஆள் தேடுங்கள். கான்ஸின் கண் அளவுக்கு அந்த நடைவழியில் நின்றவர்களின் முகமும் அங்கே வேலை செய்தது. பாளையங்கோட்டையில் ஆஷின் கல்லறையும் தூத்துக்குடியில் நினைவு மண்டபமும் இருக்கின்றன. இடம் பார்க்கப் போகும்போது கோரல் மில் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். திரைக்கதை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, ரயில் பெட்டிக் காட்சியைத்தான் முதலில் படிப்பேன்.